மீனம்பாக்கம் – பலாலி: எத்தனை கிலோமீட்டர்? எத்தனை நிமிஷம்?

சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் எவ்வளவு தூரம்? எங்க வகுப்பில் கேட்டுப் பார்த்தேன். "ஆயிரம் கிலோமீட்டர் இருக்கும்டா" என்றான் ஒருத்தன். "மதுரையை விடக் கிட்ட" என்றாள் ஒரு தோழி. எல்லாரும் சிரிச்சாங்க. அவளுடைய அம்மம்மா 1990-இல் படகில் வந்தவர், புழல் முகாமில் இருக்கிறார். சித்தி யாழ்ப்பாணத்தில். யார் சொன்னது சரி என்று அட்லஸை எடுத்தேன்.

ஒரு டிகிரி அட்சத்துக்குச் சுமார் 111 கி.மீ. இது ஒன்று தெரிந்தால் போதும். மீனம்பாக்கம் விமான நிலையம் வடக்கு 12.99 டிகிரி. யாழ்ப்பாணத்தின் விமான நிலையமான பலாலி 9.79. கழித்தால் 3.2. அதை 111-ஆல் பெருக்கினால் 355 கி.மீ. மதுரை விமான நிலையம் நேர்க்கோட்டில் சுமார் 415. தோழி சொன்னதுதான் சரி!

இந்தக் கணக்கு எல்லா ஊருக்கும் செல்லாது. இங்கே செல்வதற்குக் காரணம், இரண்டு இடமும் 80 டிகிரி தீர்க்கக்கோட்டை ஒட்டி நேர் வடக்கு தெற்காக இருப்பதுதான் (80.17, 80.07). நம்ம அம்பத்தூரும் கிட்டத்தட்ட அதே வரிசை! ஸ்கேல் வைத்துப் பாருங்கள். கல்பாக்கம் பக்கம் கரையை விட்டால் பலாலி வரை கடல்தான்.

இனி நேரம். ஏ.டி.ஆர். 72 விமானம் மணிக்குச் சுமார் 500 கி.மீ. பறக்கும். 355-க்கு 43 நிமிஷம் போதும். ஆனால் அட்டவணையில் ஒன்றேகால் மணி! (இலங்கை 2006-இலிருந்து நம்ம நேரமேதான், கடிகாரத்தை மாற்ற வேண்டாம்.) மீதி அரைமணி எங்கே போச்சு? நிற்கும் இடத்தை விட்டு நகர்ந்ததிலிருந்து அங்கே போய் நிற்கும் வரை அட்டவணை எண்ணுகிறது. ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, முறைக்குக் காத்திருப்பது, மெதுவாக ஏறுவது, காற்றைப் பார்த்துச் சுற்றி இறங்குவது எல்லாம் அதில் சேர்த்தி. கிட்டத்து ஊரானாலும் இது குறையாது. டெல்லி ஐந்து மடங்கு தூரம், நேரமோ இரண்டேகால் மடங்குதான். (அது ஜெட், வேகமும் கூடுதல்.) நெரிசலில் அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து மீனம்பாக்கம் போகவே ஒரு மணி ஆகிறதே, அதை எந்த அட்டவணையில் போடுவது?

1947 டிசம்பர் 10-இல் ஏர் சிலோனின் முதல் விமானமே ரத்மலானையிலிருந்து பலாலி வழியாகச் சென்னைக்குத்தான் வந்தது. பிறகு அந்தச் சேவை நின்று, போர்க்காலத்தில் பலாலி விமானப்படைத் தளமானது. போர் 2009-இல் முடிந்த பின்னும் பத்து வருஷம், சென்னையிலிருந்து பறந்து போகிறவர்கள் 645 கி.மீ. தெற்கே கட்டுநாயக்க போய், அங்கிருந்து ராத்திரி பஸ்ஸில் வடக்கே திரும்பி வரணும். தோழியின் சித்தி அப்படித்தான் வந்து போனாராம். 2019 நவம்பர் 11-இல் அலையன்ஸ் ஏர் நேரடிச் சேவை தொடங்கியது. 2020-இல் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடி வந்தது.

2025 மார்ச்சில் திருச்சியிலிருந்தும் பலாலிக்கு விமானம் தொடங்கியது. திருச்சி வடக்கு 10.77, கிழக்கு 78.71. நேர் தெற்கு இல்லை, வெறும் கழித்தல் உதவாது. தீர்க்கக்கோட்டில் ஒரு டிகிரிக்கு அந்தப் பக்கம் 109 கி.மீ. என்று வைத்து, பிதாகரஸ் தேற்றத்தால் தூரம் கண்டுபிடித்து இந்தத் தாளின் கீழே பென்சிலால் எழுதுங்கள்.