ஓடுபாதையில் சூரிய அறுவடை

கேள்வி: பழைய ராணுவ விமானதளங்களில் சோலார் பேனல் போடுகிறார்களாமே, ஊருக்குள் இடமா இல்லை?

பதில்: இடம் உண்டு, ஆனால் அது விளைநிலமாக இருக்கிறதே! ஜெர்மனி 2010-இல் சட்டத்தைத் திருத்தி, விளைநிலத்தில் புதிதாகப் பேனல் நட்டால் அந்த மின்சாரத்துக்குச் சலுகைக் கொள்முதல் விலை இல்லை என்றது. ராணுவம் கைவிட்ட நிலம் போன்றவற்றுக்குச் சலுகை தொடர்ந்தது. அப்புறம் கேட்கவா வேண்டும்? பெர்லினுக்கு வடக்கே டெம்ப்ளின் அருகில், சோவியத் போர் விமானங்கள் எழும்பிய தளத்தில் இன்று சுமார் 128 மெகாவாட் நிலையம் நிற்கிறது.

விமானதளம் என்றால் மேடுபள்ளம் இருக்காது, நிழல் விழ மரமும் இருக்காது. பேனலுக்கு வேறென்ன வேண்டும்? தலைவலி மண்ணுக்கடியில்தான். சிந்திய எரிபொருள், சில இடங்களில் வெடிக்காத குண்டு. கம்பம் அடிக்கும் முன் நிலத்தைச் சோதித்தாக வேண்டும். ஓடுபாதை கான்கிரீட்டில் கம்பமே இறங்காது. கனமான கான்கிரீட் கட்டைகளை வைத்து, அவற்றின் மேல்தான் பேனல் சட்டகத்தைப் பொருத்த வேண்டும். லீபெரோஸ் என்ற இடத்தில் சோவியத் பயிற்சி மைதானத்தின் குண்டுகளை அகற்றும் செலவுக்கு, அங்கே வந்த சோலார் நிலையத்தின் குத்தகைப் பணமே உதவியது. எனக்குப் பிடித்த கணக்கு இதுதான்.

பேனலுக்கு அடியில் புல் வளர்ந்தால்? ஜெர்மனியில் பல இடங்களில் ஆடு மேய்கிறது. செம்மறிதான், வெள்ளாடு என்றால் பேனல் மேலேயே ஏறிவிடும்!