கவனத்தை ஆராய்ந்த அம்மையார்

பலர் ஒருங்கே பேசும் கூட்டத்தில் நாம் ஒருவர் சொல்லை மட்டும் பின்பற்றுகிறோம். அப்பொழுது மற்றச் சொற்கள் என்னாகின்றன? இவ்வினாவிலிருந்து தம் ஆராய்ச்சியைத் தொடங்கியவர் ஆன் டிரீஸ்மன் அம்மையார்.

இவர் 1935-ஆம் ஆண்டு இங்கிலாந்திலுள்ள வேக்ஃபீல்டு நகரிற் பிறந்தார். கேம்பிரிட்ஜில் முதலிற் பிரெஞ்சு இலக்கியம் பயின்று, பின்னர் உளநூலிற் புகுந்து, 1962-இல் ஆக்ஸ்போர்டில் டாக்டர் பட்டம் பெற்றார்.

மனத்தில் வடிகட்டி போன்றதோர் அமைப்பு உண்டு. வேண்டாத பேச்சின் பொருளை அது உள்ளே விடாது என்பது, பிராட்பெண்ட் என்னும் அறிஞர் 1958-இல் வெளியிட்ட கொள்கை. டிரீஸ்மன் அதனைச் சோதித்தார். காதுக்கு ஒன்றாக இரு செய்திகளை ஒலிக்கச் செய்து, ஒரு காதிற் கேட்பதை மட்டும் உடனுக்குடன் திருப்பிச் சொல்லுமாறு பணித்தார். இடையே செய்திகள் காது மாறியபொழுது, சிலர் பொருளின் தொடர்ச்சியைப் பற்றிச் சென்று, மற்றக் காதில் வந்த ஓரிரு சொற்களைத் தம்மையறியாமலே கூறிவிட்டனர். ஆதலின், புறக்கணித்த சொல் முற்றிலும் தடுக்கப்படுவதில்லை. வலிமை குன்றி உள்ளே வருகிறது என்று அவர் முடிவு கண்டார்.

பின்னர்க் கண்ணின் காட்சியை ஆராய்ந்தார். நிறம், வடிவம் முதலிய கூறுகளை மனம் தனித்தனியே பற்றுகிறது; அவற்றை ஒரு பொருளாக இணைப்பது கவனமே என்று, 1980-இல் கெலேடு என்பாருடன் வெளியிட்ட கட்டுரையில் விளக்கினார். பல நிற எழுத்துக்களைக் கணப்பொழுது காட்டி, கவனத்தை வேறொன்றில் ஈடுபடுத்தினால், ஓரெழுத்தின் நிறத்தை மற்றோர் எழுத்தின்மேல் ஏற்றிக் "கண்டேன்" என்பார் உளர். மூளையின் இருபுறமும் பழுதுற்ற ஒருவர், பல விநாடிகள் பார்த்தும் இவ்வாறே பிழைபட்டார் என்பதை 1995-இல் டிரீஸ்மனும் உடனாய்ந்தோரும் எடுத்துக்காட்டினர்.

இவர்களுள் எவரும் பொய் சொல்லக் கருதியவர் அல்லர். நாம் சிந்திக்க வேண்டிய இடம் இதுவே. தெருவிற் சிவப்புச் சட்டை அணிந்து நின்றவன் ஒருவன், ஓடியவன் மற்றொருவன். அரைக்கவனத்தோடு நோக்கியவர், "சிவப்புச் சட்டைக்காரனே ஓடினான்" என்று மனமறியச் சான்று கூறக்கூடும். குற்றமற்றவன் துன்புற அதுவே போதும். வாய்மைக்கு நல்லெண்ணம் மட்டும் போதாது, கவனமும் வேண்டும்.

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராய் விளங்கிய அம்மையார், 2013-இல் அமெரிக்காவின் தேசிய அறிவியல் பதக்கத்தைப் பெற்று, 2018-இல் மறைந்தார்.

"நான் கண்டேன்" என்று உரைக்குமுன், "கவனித்துக் கண்டேனா?" என்று நம்மை நாமே வினவுவோமாக.