நாட்டின் கரியமில வாயுவும் நம் பம்புசெட்டும்

பருவநிலை மாற்றம் பற்றி உழவர் கூட்டங்களில் பேச்செடுத்தால், "எங்கள் நெல் வயலும் மாடும்தான் காரணம் என்கிறார்களே, உண்மையா?" என்று யாராவது ஒருவர் கேட்டுவிடுகிறார். நெல் வயலிலிருந்தும் அசைபோடும் மாட்டிடமிருந்தும் வெளிவருவது மீத்தேன் வாயு. அது தனிக்கணக்கு. கரியமில வாயுவின் கணக்கோ வேறு இடத்தில் தொடங்குகிறது.

இந்தியாவில் எரிபொருள்களாலும் சிமெண்டு உற்பத்தியாலும் 2023-ஆம் ஆண்டில் சுமார் 300 கோடி டன் கரியமில வாயு வெளியாயிற்று. ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரியைச் சேர்ந்தது. பெட்ரோல், டீசல் முதலியவை அடுத்து வருகின்றன. சிமெண்டு ஆலையில் எரிக்கும் கரி போதாதென்று, சுண்ணாம்புக்கல்லே வாயுவை விடுகிறது. சுத்தமான கல் 100 கிலோ வெந்தால் 44 கிலோ வாயு போய்விடும். காளவாயில் கல் சுட்டவர்கள் வெந்த கல்லின் எடை குறைவதைப் பார்த்திருப்பார்கள்.

வைக்கோலை எரித்தால் வரும் கரியமில வாயு, அதே பயிர் அந்தப் பருவத்தில் காற்றிலிருந்து எடுத்ததே. ஆகவே நாட்டின் கணக்கில் அது கூட்டப்படுவதில்லை. அதற்காக எரித்துவிடாதீர்கள், வைக்கோலில் உள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடும்.

சரி, நம் பங்கு எங்கே? முதலாவது கிணற்றடியில். 2023-இல் நாட்டின் மின்சாரத்தில் ஏறக்குறைய முக்கால் பங்கு நிலக்கரியால் கிடைத்தது. நெய்வேலியில் 1962 முதல் எரிக்கப்படும் பழுப்பு நிலக்கரியும் இதில் அடக்கம். மின்தொகுப்பின் சராசரியைப் பார்த்தால் யூனிட்டுக்குச் சுமார் 700 கிராம் கரியமில வாயு. 5 குதிரைத்திறன் மோட்டார் மணிக்கு 4 யூனிட்டுக்குக் குறையாமல் இழுக்கும். அதாவது மணிக்கு ஏறத்தாழ 3 கிலோ. இலவச மின்சாரம் ஆதலால் இது நம் கண்ணில் படுவதில்லை. தடை மிகுந்த மட்டமான புட்வால்வும், தேவைக்குக் குறுகலான குழாயும், தேவையற்ற வளைவுகளும் இருந்தால், அதே தண்ணீருக்கு மோட்டார் கூடுதல் நேரம் ஓடும். டீசல் என்ஜின் வைத்திருப்பவர்கள் லிட்டருக்கு 2.6 கிலோவுக்கு மேல் என்று போட்டுக்கொள்ளலாம்.

இரண்டாவது யூரியா. இது பலருக்கு வியப்பாக இருக்கும். தொழிற்சாலையில் இயற்கை எரிவாயுவிலிருந்து அம்மோனியா தயாரிக்கும்போது பிரியும் கரியமில வாயுவை, அந்த அம்மோனியாவுடனேயே சேர்த்து யூரியா ஆக்குகிறார்கள். வயலில் இட்ட சில நாட்களில் யூரியா சிதைந்து அந்த வாயுவை விட்டுவிடுகிறது. 45 கிலோ மூட்டைக்கு 33 கிலோ! ஆலையில் அடைபட்டது நம் வயலில் திறக்கிறது. கணக்கும் வேளாண்மையின் பேரிலேயே எழுதப்படுகிறது. மிகுதியாக இட்டால் இலைச்சுருட்டுப் புழுவும் குலைநோயும் கூடுவதை நீங்களே அறிவீர்கள்.

நெல்லுக்கு இலை வண்ண அட்டையைக் கைக்கொள்ளுங்கள். நடவு செய்த 14-ஆம் நாள் முதல் வாரம் ஒருமுறை, காலை 8 முதல் 10 மணிக்குள், பத்துப் பயிர்களில் நன்கு விரிந்த மேல் இலையை, வெயில் படாமல் உங்கள் உடல் நிழலில் வைத்து ஒப்பிடுங்கள். ஆறு அல்லது அதற்கு மேற்பட்ட இலைகள் 4-ஆம் எண்ணுக்குக் கீழே (வெள்ளைப் பொன்னிக்கு 3) இருந்தால் மட்டும் தழைச்சத்து இடுங்கள். பக்கத்து வயல்காரர் இட்டுவிட்டார் என்பதற்காக மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.