கைப்பையில் மூன்று புத்தகங்கள்

சமீபத்தில் நீங்கள் படித்து ரசித்த புத்தகங்களைச் சொல்லுங்களேன். தலையணை சைஸ் வேண்டாம். பஸ்ஸில் வேலைக்குப் போகிறபோது படிக்க வேண்டும்.
- வாசகி, உடுமலைப்பேட்டை

கைப்பைக்குள் அடங்குகிற மூன்றைச் சொல்கிறேன்.

முதலில் பஷீரின் 'பாத்துமாவின் ஆடு'. மனநல சிகிச்சையில் இருந்தபோது அவர் எழுதியது; ஆனால் பக்கத்துக்குப் பக்கம் சிரிப்பு. தங்கையின் ஆடு, எழுத்தாளரின் புத்தகங்களையே மென்று தின்றுவிடும். ஆட்டை அவர் திட்டவில்லை. அடுத்து போர்வையிலும் வாய் வைத்துவிடாதே என்றுதான் கெஞ்சுகிறார்! பஸ்ஸில் தனியாகச் சிரித்தால் பக்கத்து சீட்காரர் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

அடுத்து விவேக் ஷான்பாக்கின் 'காச்சர் கோச்சர்'. கன்னடத்திலிருந்து தமிழுக்கு வந்தது. பெங்களூரில் எறும்புத் தொல்லையோடு சிறு வீட்டில் ஒண்டியிருந்த குடும்பம், சித்தப்பாவின் மசாலா வியாபாரத்தால் திடீர்ப் பணக்காரக் குடும்பமாகிறது. பணம் வந்ததும் பாசம் எப்படித் திரிகிறது என்று நாவல் காட்டும்போது முதுகுத்தண்டு சில்லிடும்.

மூன்றாவது அசோகமித்திரனின் 'தண்ணீர்'. கதாநாயகியாகும் கனவு கைகூடாத ஜமுனா, தங்கை சாயா, வறண்ட சென்னைத் தெருக் குழாய்கள். குடம் தூக்கிய எவருக்கும் சொந்தக் கதை போலிருக்கும்.

பஷீரில் ஆரம்பியுங்கள். படித்து முடித்ததும் அலமாரியில் பூட்டாமல் தோழிக்குக் கொடுங்கள். முதல் பக்கத்தில் உங்கள் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதிவிடுங்கள். திரும்பி வர அது ஒன்றுதான் வழி!