குழந்தைக்கு ஓட இடம் வேண்டும்

பயிர்த்தொழில் செய்வோர் யாவரும் அறிந்த உண்மை ஒன்று உண்டு. உரம் போதாத பயிர் வெளுத்துச் சோர்ந்துவிடும். தழைச்சத்து அளவுக்கு மிஞ்சிய பயிரோ கரும்பச்சையாகச் செழித்து வளர்ந்து, கதிர் முற்றும் காலத்தில் ஒரு காற்றுக்கே சாய்ந்துவிடும். பசுமையை மட்டும் பார்த்து மகிழ்பவர் தொழிலுக்குப் புதியவர். தண்டின் உறுதியைத் தொட்டுப் பார்ப்பவரே அநுபவசாலி.

குழந்தை வளர்ப்பும் இத்தகையதே. குழந்தை கொழுகொழுவென்று இருந்தால் போதும், வீட்டில் குறையொன்றுமில்லை என்று நாம் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறோம். உணவு அரிதாயிருந்த காலத்தில் அவ்வெண்ணம் இயல்பானதே. ஆனால் சதை வேறு, வலிமை வேறு. சதை உணவினால் மட்டும் வந்துவிடும்; வலிமைக்கு உணவோடு ஓட்டமும் ஆட்டமும் வேண்டும். பள்ளிக்குச் செல்லும் முன்னுள்ள ஐந்து ஆண்டுகளில் இவ்விரண்டும் எவ்வாறு அமைய வேண்டும் என்பதைப் பழவேற்காடு ஏரிக்கரைக் கிராமங்களை முன்வைத்து இங்கே ஆராய்வோம்.

மெலிவும் பருமனும்

நமது நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டின் கிராமங்களில் பள்ளிக்கு முந்திய பருவத்துக் குழந்தைகளுக்குச் சத்துணவு அளிக்கும் திட்டம் 1982-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நடைமுறைக்கு வந்தது. அக்காலத்தில் யாவருடைய கவலையும் மெலிந்த குழந்தைகளைப் பற்றியதாகவே இருந்தது. அக்கவலை இன்னும் தீர்ந்துவிடவில்லை. 2019–21 ஆண்டுகளில் நடைபெற்ற ஐந்தாவது தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 25 பேர் வயதுக்கேற்ற உயரம் பெறாதவர்கள். ஏறத்தாழ 15 பேர் உயரத்துக்கேற்ற எடையில்லாதவர்கள். உயரத்துக்கு மிஞ்சிய எடையுள்ளவர்கள் ஏறத்தாழ 4 பேரே.

நான்கு பேர்தானே என்று ஒதுக்கிவிடலாகாது. அதே கணக்கெடுப்பில், 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் நூற்றுக்கு 40 பேரும், ஆண்களில் 37 பேரும் மிகையான எடையுடையவர்கள் எனத் தெரிய வந்தது. நான்காக இருப்பது நாற்பதாக வளர்வதற்கு இடையில் நிகழ்வது என்ன? பழக்கம் ஊன்றுகிறது. எதை உண்பது, எவ்வளவு நேரம் அசையாதிருப்பது என்பனவெல்லாம் பள்ளிக்கூட வாயிலை மிதிக்குமுன்பே பெரும்பாலும் படிந்துவிடுகின்றன. ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பது இதற்கும் பொருந்தும்.

இன்னொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. தில்லியில் பிறந்த குழந்தைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2004-ல் வெளியிடப்பட்ட ஆராய்ச்சி ஒன்று உண்டு. வளர்ந்தபின் சர்க்கரை நோய்க்கு ஆளானவர்களும் அதன் வாயிலில் நின்றவர்களும் சிறுவயதில் பருத்த குழந்தைகள் அல்லர். இரண்டு வயது வரை மெலிந்திருந்து, பின்னர் வேகமாக எடை ஏறியவர்களே அவர்களுள் மிகுதி என்று அது காட்டியது. ஆதலின் மெலிந்த குழந்தையுள்ள வீட்டாரும் இப்பாடம் நமக்கன்று என்று இருந்துவிடுதல் கூடாது.

2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வின்படி நம் நாட்டில் 10 கோடிக்கு மேற்பட்டோர் சர்க்கரை நோயுடையவர்கள். இந்நோய் முற்றியவரின் காலில் பட்ட சிப்பிக் கீறலும் மீன்முள் காயமும் எளிதில் ஆறுவதில்லை. உப்பு நீரில் நின்று வலையிழுத்துப் பிழைக்க வேண்டியவருக்குக் கால் போனால் தொழில் போயிற்று. மூன்று வயதுக் குழந்தையின் விளையாட்டைப் பற்றி இன்று நாம் பேசுவது, முப்பது ஆண்டுகள் கழித்து அது தன் காலில் நிற்பதற்காகவே.

ஏரிக்கரையின் நிலைமை

பழவேற்காடு ஏரி, சிலிகாவுக்கு அடுத்தபடியாக இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரியாகும். ஆந்திர மாநிலத்திலும் நமது திருவள்ளூர் மாவட்டத்திலும் பரவிக் கிடக்கும் இதனை வங்கக் கடலிலிருந்து ஸ்ரீஹரிக்கோட்டாத் தீவு பிரித்து நிற்கிறது. ஏரியிலும் கடலிலும் மீன் பிடித்தும் இறால், நண்டு சேகரித்தும் வாழும் குப்பங்கள் இக்கரையில் பல உள்ளன.

சுற்றிலும் மணலும் திறந்த வெளியும் உள்ள இடத்தில் குழந்தைக்கு ஓட இடமில்லை என்றால் பட்டணத்தார் நகைப்பார்கள். ஆனால் கரையில் குடியிருப்பவர்களுக்கு உண்மை தெரியும். வீட்டு வாயிலுக்குச் சில அடி தூரத்தில் தண்ணீர். மணலில் உலரும் வலை, கழன்ற தூண்டில் முள், உடைந்த கண்ணாடி, மீன் கழிவு. ஆடவர் தொழிலுக்குச் செல்கின்றனர். பெண்டிர் மீன் விற்கச் செல்கின்றனர். குழந்தை பாட்டியின் பொறுப்பில் இருக்கிறது. வயது முதிர்ந்த பாட்டி, ஓடும் பிள்ளையின் பின்னால் ஓட இயலுமா? சிறு குழந்தை ஓசையின்றிச் சில நிமிஷங்களில் நீரில் மூழ்கிவிடக் கூடும். ஆகவே அவள் குழந்தையை உள்ளே உட்கார வைத்து, ஒரு கையில் தின்பண்டப் பொட்டலத்தையும் மறு கையில் கைப்பேசியையும் கொடுத்துவிடுகிறாள்.

இதற்காகப் பாட்டியைக் குறை கூறுதல் நியாயமன்று. உயிரைக் காக்கவே அவள் அவ்வாறு செய்கிறாள். அச்சமின்றிக் குழந்தையை ஓடவிடத் தக்க இடத்தை ஊர் அவளுக்குத் தரவில்லை. குறை அங்கேதான் இருக்கிறது. குடிநீரைப் போலவும் தெருவிளக்கைப் போலவும், குழந்தை ஓடும் இடமும் ஊர்ப் பொதுக் காரியமே.

எவ்வளவு நேரம்?

உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கென 2019-ல் வழிமுறைகளை வெளியிட்டது. ஒரு வயது முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தை நாளொன்றுக்குக் குறைந்தது 180 நிமிஷம் உடலை அசைத்து விளையாட வேண்டும். மூன்று, நான்கு வயதினர்க்கு அதில் 60 நிமிஷமாவது மூச்சு வாங்கும்படியான ஓட்டமும் துள்ளலுமாக இருத்தல் வேண்டும். தவழாத கைக்குழந்தையை, விழித்திருக்கும்போது அருகிலிருந்து கவனித்துக்கொண்டு, நாளில் பல முறையாக மொத்தம் 30 நிமிஷமாவது குப்புறக் கிடத்தி விளையாட்டுக் காட்ட வேண்டும்.

மூன்று மணி நேரமா என்று மலைக்க வேண்டியதில்லை. அது ஒரே மூச்சில் செய்யும் தேகப் பயிற்சி அன்று. அங்கன்வாடி மையத்துக்குக் கைபிடித்து நடந்து வருவதில் 15 நிமிஷம். மையத்தில் காலை விளையாட்டு 45 நிமிஷம். பாட்டும் அபிநயமும் 30 நிமிஷம். மாலையில் வெளியே ஓட்டம் 60 நிமிஷம். வீட்டில் சிறு பாத்திரத்தை எடுத்து வைத்தல், கோழியை விரட்டுதல் முதலியவற்றில் 30 நிமிஷம். கூட்டினால் 180 ஆகிறது. வெயில் கடுமையான நடுப்பகலைத் தவிர்த்துக் காலையும் மாலையும் விளையாடுதல் நலம். இடையிடையே நீர் பருகக் கொடுக்க வேண்டும்.

விளையாட்டும் வயதுக்கு ஏற்றதாக இருத்தல் வேண்டும். நடை பழகும் குழந்தைக்கு மணலைக் கொட்டி அள்ளுவதும், உருளும் பந்தைத் தொடர்ந்து செல்வதுமே போதும். இரண்டு வயதினர்க்கு ரயில் வண்டியாகக் கோத்து ஓடுதல், தாழ்ந்த கட்டையில் ஏறிக் குதித்தல். மூன்று வயதுக்கு மேல் கண்ணாமூச்சி, ஓடிப் பிடித்தல், நண்டைப் போல் பக்கவாட்டில் நடத்தல், கயிற்றைத் தாண்டுதல், நொண்டியடித்தல். வெற்றி தோல்வி இப்பருவத்தில் வேண்டா; எல்லாரும் ஓடினால் அதுவே வெற்றி. பெண் குழந்தையை ஒதுக்கி உட்கார வைப்பதும் கூடாது.

உணவும் கைப்பேசியும்

இப்பகுதிக் குழந்தைக்கு நல்லுணவு தொலைவில் இல்லை. முள் நீக்கி வேகவைத்த அல்லது குழம்பிலிட்ட மீன், சோறு, கீரை, பருப்பு. அங்கன்வாடியில் முட்டையும் சத்துமாவும். பருவத்தில் நுங்கு, பனங்கிழங்கு, கொய்யா, வாழை. இவற்றை வயிறறிந்து உண்ணும் குழந்தை பெருத்துவிடுவதில்லை. தீமை வருவது பொட்டலங்களிலிருந்தும் புட்டிகளிலிருந்துமே. இனிப்புப் பானங்கள் பலவற்றில் 100 மில்லிலிட்டருக்குச் சுமார் 10 கிராம் சர்க்கரை உள்ளது. 200 மில்லிலிட்டர்ப் புட்டியொன்றைக் குடிக்கும் குழந்தை ஏறத்தாழ ஐந்து தேக்கரண்டிச் சர்க்கரையை விழுங்குகிறது. அதனால் பசி மந்தமாகிறது; சோறு உள்ளே செல்வதில்லை. உடல் மெலிவதற்கும் பருப்பதற்கும் அந்த ஒரே புட்டி காரணமாகக் கூடும்.

மீன் விற்றுத் திரும்பும் தாய், நாள் முழுதும் பிரிந்திருந்த குழந்தைக்கு ஏதேனும் வாங்கி வர விரும்புவது இயற்கை. வெறுங்கையோடு வா என்று அவளுக்கு உபதேசிப்பதில் பயனில்லை. பொட்டலத்துக்குப் பதில் இரண்டு வாழைப்பழமோ கொய்யாவோ வாங்கி வரலாம் என்று எடுத்துரைப்பதே தக்கது.

கைப்பேசி முதலியவற்றின் திரையை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்குக் காட்டவே வேண்டா. இரண்டு முதல் நான்கு வயதுவரை நாளில் ஒரு மணிக்கு மேற்படலாகாது. அதனினும் குறைந்தால் நன்று என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. படம் பார்த்துக்கொண்டே உண்ணும் குழந்தைக்கு வயிறு நிறைந்தது தெரிவதில்லை. உறக்கமும் முக்கியம். மூன்று, நான்கு வயதினர்க்குப் பகலுறக்கம் உட்பட 10 முதல் 13 மணி நேரம் வேண்டும்.

ஒன்றை வற்புறுத்திச் சொல்ல வேண்டும். குழந்தை பருமனாகத் தோன்றினால் அதன் சோற்றைக் குறைத்துப் பட்டினி போடுதல் பெருந்தவறு. வளரும் உடலுக்கு உணவு வேண்டும். எடையை மட்டும் நிறுத்துப் பார்ப்பதால் மெலிவோ பருமனோ தெளிவாகாது. உயரத்தையும் அளந்து, இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்தல் வேண்டும். மாதந்தோறும் அங்கன்வாடியில் அளக்கச் செய்து, ஐயம் இருப்பின் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் காட்டுதல் முறை.

ஊராட்சி செய்யக் கூடியவை

இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. அங்கன்வாடிக்கு அருகே, தண்ணீரிலிருந்து விலகிய ஐந்து சென்ட் நிலம் போதும். மண்ணைச் சலித்து முள்ளும் கண்ணாடியும் அகற்ற வேண்டும். சவுக்குக் கழிகளை நெருக்கமாக நட்டு, குழந்தை நுழைய முடியாதபடி வேலி அமைத்து, அதன் கைக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாளுள்ள கதவு வைக்க வேண்டும். உவர்க்காற்றைத் தாங்கி நிழல் தரும் பூவரசு, புங்கம் ஆகியவற்றை ஓரத்தில் நடலாம். பாதி புதைத்த பழைய சக்கர ரப்பர்கள், ஆணி நீக்கி இழைத்த கட்டை, கயிறு, துணிப்பந்து ஆகியவையே சாதனங்கள். ஆடு மாடு புகாமலும், மலஜலம் கழிக்கப்படாமலும் இடத்தைக் காத்தால் கொக்கிப்புழுவின் தொல்லையும் குறையும்.

கண்காணிப்பவர் யார் என்ற கேள்வி எழும். இதற்கு விடை பழவேற்காட்டாரிடமே இருக்கிறது. ஏரியில் இன்ன இடத்தில் இன்ன நாளில் இன்னார் வலையிட வேண்டும் என்று முறை வகுத்துக்கொள்ளும் ‘பாடு’ என்னும் ஏற்பாடு இக்கரைக் கிராமங்கள் சிலவற்றில் தலைமுறைகளாக இருந்து வருகிறது. யாருக்கும் அநீதி நேராமல் ஏரியைப் பகிர்ந்துகொள்ளத் தெரிந்தவர்களுக்குக் குழந்தைகளைக் கவனிக்கும் பொறுப்பைப் பகிர்ந்துகொள்வது அரிதா? முப்பது குடும்பங்கள் உள்ள இடத்தில் நாளொன்றுக்கு இருவர் வீதம் மாலை ஒரு மணி நேரம் காவல் இருந்தால், ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து நாளில் ஒருமுறையே முறை வரும். இருவரில் ஒருவரேனும் ஓடக் கூடிய வயதினராக இருத்தல் வேண்டும். காவல் முறையில் உள்ளவர் கையில் கைப்பேசி இருத்தலாகாது. குழந்தை விளையாட்டுக்கும் ஒரு பாடு வகுக்கலாம்.

உழவர் கிராமங்களுக்கும் இது பொருந்தும். அங்கே ஏரிக்குப் பதில் கிணறும் வாய்க்காலும், படகுக்குப் பதில் டிராக்டரும் தாயை அச்சுறுத்துகின்றன. வேலியிட்ட சிறு மண்தரை ஒன்று எங்கும் வேண்டுவதே.

வலுவான தண்டுள்ள பயிரே கதிரின் பாரத்தைத் தாங்கும். நம் குழந்தைகள் நாளை தாங்க வேண்டிய பாரம் சிறிதன்று. அதற்கு இன்று நாம் கொடுக்க வேண்டியது ஐந்து சென்ட் மணலும், மாலையில் ஒரு மணி நேரமுமே.

கிராம சபையில் ஆலோசிக்கத் தக்க வினாக்கள்

1. நமது ஊரில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் எத்தனை பேர்? அவர்களில் மாலையில் வெளியே ஓடி விளையாடுவோர் எத்தனை பேர்?

2. அங்கன்வாடிக்கு அருகில் நீரிலிருந்து விலகிய பொது நிலம் உள்ளதா? அதைத் துப்புரவு செய்து வேலியிடுவோர் யார்?

3. காவல் முறையை எவ்வாறு வகுத்தால், மீன் விற்கச் செல்லும் தாய்மார்களுக்கு இடையூறு நேராது?

4. சென்ற மாதம் குழந்தைகளின் எடையோடு உயரமும் அளக்கப்பட்டதா? முடிவு பெற்றோருக்குத் தெரிவிக்கப்பட்டதா?

5. அங்கன்வாடி வாயிலருகே உள்ள கடைக்காரர், அந்நேரத்தில் இனிப்புப் பானங்களுக்குப் பதில் பழம் விற்க இசைவாரா?