மேடையில் யார் பெயரைச் சொல்வது?

அன்புள்ள தம்பிக்கு,

பருவத் தேர்வு நெருங்குகிறது. அதற்கு முன்னால் உங்கள் துறை மன்றத்தின் நிறைவு விழா. பாராட்டுப் பெறுவோர் பட்டியலைத் தயாரிக்கும் பொறுப்பு, செயலாளர் என்ற முறையில் உன்னுடையது. முதல் மூன்று மதிப்பெண், விளையாட்டில் கோப்பை, வளாகத் தேர்வில் வேலை கிடைத்தவர்கள் என்று ஒரு மாலைப்பொழுதிலேயே எழுதி முடித்துவிடலாம். ஆளுக்கொரு கேடயம் கொடுத்துப் படம் எடுத்துக்கொண்டால் விழாவும் முடிந்துவிடும். அவ்வளவோடு நிறுத்திவிடாதே என்று கேட்கவே இதை எழுதுகிறேன். ஒரு மாணவர் என்ன சாதித்தார் என்பதோடு, யாரோடு சேர்ந்து சாதித்தார், யார் கைகொடுத்தார்கள் என்பதும் அந்த மேடையில் ஒலிக்க வேண்டும். என் கட்சி இதுதான்.

உங்கள் பக்கத்துக் கல்லூரிகளுக்கு இது கூடுதலாகவே பொருந்தும். ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி 1973-இல் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பொறியியல் கல்லூரி 1984-இல் தொடங்கியது. இப்படி ஊருக்குப் பக்கத்திலேயே கல்லூரிகள் வந்த பிறகுதான் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் வீட்டிலும், தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் வீட்டிலும், ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் வீட்டிலும் பட்டப்படிப்பு எட்டும் தூரத்துக்கு வந்தது. 2021-22 உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் மொத்தச் சேர்க்கை விகிதம் 47 விழுக்காடு. நாடு முழுவதற்கும் 28.4. அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் ரூபாய் வருகிறது. மாணவர்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன். பணத்தடை ஓரளவு விலகியிருக்கிறது. ஆனால் வீட்டில் முதல் பட்டதாரி ஆகப்போகிறவருக்கு, இண்டர்னல் மதிப்பெண் என்றால் என்ன, மறுமதிப்பீட்டுக்கு எப்படி விண்ணப்பிப்பது என்று கேட்க வீட்டில் ஆள் இல்லை. அதைச் சொல்லித்தருவது விடுதியின் சீனியர் அண்ணனும், வத்திராயிருப்பு பஸ்ஸில் கூட வரும் அக்காவும்தான். எந்த மதிப்பெண் பட்டியலிலும் ஏறாத இந்த உதவி இல்லாமல் பட்டியலில் உள்ள பல பெயர்கள் அங்கே வந்திருக்காது.

இதை வெறும் நெகிழ்ச்சியாக நினைத்துவிடாதே. இதற்கு ஆய்வுச் சான்று உண்டு. 1970-களில் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் யூரி ட்ரைஸ்மன் என்ற ஆய்வு மாணவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. பள்ளியில் நன்றாகப் படித்துவந்த கறுப்பின மாணவர்கள் நுண்கணிதத்தில் ஏன் இத்தனை பேர் தோற்கிறார்கள்? ஊக்கம் போதவில்லை, அடிப்படை சரியில்லை, குடும்பம் ஆதரிக்கவில்லை, வறுமை என்று ஆசிரியர்கள் ஆளுக்கொரு காரணம் சொன்னார்கள். ட்ரைஸ்மன் கறுப்பின மாணவர் இருபது பேரையும் சீன வம்சாவளி மாணவர் இருபது பேரையும் பல மாதங்கள் கூடவே இருந்து கவனித்தார். சொல்லப்பட்ட காரணம் எதுவும் நிற்கவில்லை. கறுப்பின மாணவர்களும் கடுமையாகத்தான் உழைத்தார்கள். ஆனால் தனித்தனியாக உழைத்தார்கள். மற்றவர்கள் முதலில் தனியாகப் படித்துவிட்டு, மாலையில் கூடி விடைகளை ஒப்பிட்டார்கள், ஒருவர் பிழையை ஒருவர் திருத்தினார்கள், சேர்ந்து சாப்பிட்டார்கள். அவருடைய தீர்வு எளிதான பாடம் கொடுப்பதாக இருக்கவில்லை. கடினமான கணக்குகளைக் கொடுத்து, சேர்ந்து போடச் சொன்னார். அந்த வகுப்புகளுக்கு வந்தவர்களின் தேர்ச்சி பெரிதும் உயர்ந்தது. கூடிப் படிக்கும் பழக்கம் ஒரு வளாகத்தில் தானாக முளைப்பதில்லை என்பதையே இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். அது மதிக்கப்படுகிறது என்று அடுத்த ஆண்டு வருபவர்களுக்குத் தெரிய வேண்டும். அதைத் தெரிவிக்க நிறைவு விழாவைவிட நல்ல இடம் இல்லை.

உன்னோடு இருப்பவர்கள் எதிர்வாதம் செய்வார்கள். எல்லாரையும் பாராட்டினால் முதல் மதிப்பெண்ணுக்கு என்ன மதிப்பு என்பார்கள். நியாயமான கேள்வி. எல்லாருக்கும் ஒரே மாதிரியான சான்றிதழ் அச்சடித்துக் கொடுத்தால் அந்தக் காகிதத்துக்கு மதிப்பு இருக்காதுதான். நான் கேட்பது அதையல்ல, குறிப்பான சொல்லை. 'இந்த மாணவி முதலிடம். இயற்பியல் ஆய்வகத்தில் பிழையான அளவீட்டை மூன்று முறை திரும்ப எடுக்க வைத்தவர் ஆய்வக உதவியாளர்' என்று சொல்லும்போது முதலிடம் தாழ்ந்துவிடுவதில்லை. அந்த இடத்துக்கு எப்படிப் போவது என்று கேட்பவர்களுக்கு வழி தெரிகிறது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேரில் வடம் பிடிப்பவர்களை ஊரே பார்க்கிறது. சக்கரத்துக்கு அடியில் கட்டை போட்டுத் தேரைத் திருப்புபவர்களை அருகில் நிற்பவர்கள்தான் பார்க்கிறார்கள். அவர்கள் பெயரைச் சொன்னால் வடம் பிடித்தவர் பெருமை குறைந்துவிடுமா?

பரிசு இல்லாவிட்டால் யார் உழைப்பார்கள் என்றும் கேட்பார்கள். 1973-இல் லெப்பர், கிரீன், நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்டின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். படம் வரைவதில் ஆசையுள்ள குழந்தைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிறகு அதைக் கொடுத்தார்கள். சில நாள் கழித்து விருப்பம்போல் விளையாட விட்டபோது அந்தக் குழந்தைகளே மற்றவர்களைவிடக் குறைவாக வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை. மழலையர் பற்றிய முடிவை அப்படியே கல்லூரிக்கு ஏற்றக் கூடாது. பரிசே வேண்டாம் என்றும் நான் சொல்லவில்லை. பரிசைத் தூண்டில் ஆக்காமல், நடந்த வேலைக்குச் செய்யும் மரியாதையாக வை.

தேர்வு நெருங்கும்போது விழா எதற்கு என்ற கேள்விக்குப் பதில் சுருக்கமானது: படிப்பு விடுமுறை தொடங்குவதற்கு முன்பே வைத்து, ஒரு மணி நேரத்தில் முடித்துவிடுங்கள். சிறப்பு விருந்தினர் உரையையும் பொன்னாடைகளையும் குறைத்தாலே பாதி நேரம் மிஞ்சும்.

இனி, செய்ய வேண்டியது. பாராட்டுப் பெறும் ஒவ்வொருவரையும் முன்னதாகவே பார்த்து, எது கடினமாக இருந்தது, யார் உதவினார்கள் என்று கேட்டு எழுதிக்கொள். திரும்பத் திரும்ப ஒரே பெயர் வந்தால், அவர் எந்தப் பட்டியலிலும் இல்லாவிட்டாலும், மேடைக்கு அழைக்க வேண்டியவர் அவர்தான். நாலு அரியரையும் ஒரே பருவத்தில் முடித்தவரின் சாதனையும் பெரிது. ஆனால் அவருடைய சம்மதம் இல்லாமல் அதை மேடையில் சொல்லாதே, கூச்சத்தில் அவர் குறுகிப்போகலாம். கலசலிங்கத்தில் செவித்திறன் குறைந்த மாணவர்களுக்கென்றே கணினிப் பொறியியல் வகுப்பு நடத்தியிருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் அரங்கில் இருந்தால் கைதட்டல் அவர்களைச் சேராது. இரு கைகளையும் தூக்கி விரல்களை அசைப்பதே அவர்களுடைய கரவொலி. தொடங்குவதற்கு முன் அரங்கத்துக்கு அதைச் சொல்லிக்கொடு. பெற்றோரை அழைப்பதாக இருந்தால் அழைப்பிதழ் பத்து நாள் முன்பே போகட்டும். தறி ஓட்டுபவரும் மில்லில் ஷிப்ட் பார்ப்பவரும் முதல் நாள் சொன்னால் வர முடியாது. ஷிப்ட் மாற்றிக்கொள்ள அவர்களுக்கு அவகாசம் வேண்டும்.

அன்புடன்,
உன் அண்ணன்