முதல் பள்ளி: எதைப் பார்த்துச் சேர்ப்பது?

பொங்கல் முடிந்த கையோடு எங்கள் ஊரில் பள்ளிச் சேர்க்கைப் பேச்சு ஆரம்பித்துவிடும். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் அதே பேச்சுதான். "பாப்பாவ எங்கங்க சேக்கப் போறீங்க?" என்று யாராவது கேட்பார்கள். மச்சினர் மகன் படிக்கிற பள்ளி, மேனேஜர் வீட்டுப் பிள்ளைகள் போகிற பள்ளி, வாசலுக்கே ஏ.சி. வேன் வருகிற பள்ளி என்று பட்டியல் நீளும். அந்தப் பாப்பா புது ஆளைக் கண்டால் அழுமா, வாய் ஓயாமல் பேசுமா, தானாகச் சாப்பிடுமா என்று கேட்பவர்கள் அரிது. சொந்தக்காரர்கள் என்ன சொல்வார்களோ என்று தாத்தாவும், எதிர்வீட்டுக்காரர் சேர்த்துவிட்டாரே என்று அப்பாவும் எடுக்கிற முடிவைக் கடைசியில் சுமப்பது மூன்றரை வயதுப் பிள்ளை. தொடக்கப் பள்ளி ஆசிரியையாகப் பெரும்பாலும் ஒன்றாம் வகுப்பிலேயே இருந்தவள் நான். அப்படிச் சுமந்து களைத்த பிள்ளைகள் நடுவில் பள்ளி மாறி என் வகுப்புக்கு வந்ததை நிறையப் பார்த்திருக்கிறேன். வரும் ஜூனில் சேர்க்கப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் முன் உள்ள வழிகள்

இரண்டு, மூன்று வயதுக்கு அங்கன்வாடி போதும். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் கீழ் வரும் இந்த மையங்களில் பாட்டு, கதை, சத்துமாவு, எடை பார்ப்பது எல்லாம் உண்டு. 2019 முதல் அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கும் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகளும் தொடங்கப்பட்டன. உங்கள் பகுதியில் அப்படி ஒன்று இருக்கிறதா என்று முதலில் விசாரியுங்கள்.

அடுத்தது அரசுத் தொடக்கப் பள்ளியும் அரசு உதவி பெறும் பள்ளியும். 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' திட்டத்துக்குப் பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடம் நடக்கும் விதமே மாறியிருக்கிறது. பிள்ளைகள் ஒரே நிலையில் இல்லை என்பதை ஒப்புக்கொண்டு, அவரவர் நிலைக்கேற்பப் பயிற்சி கொடுக்கச் சொல்லும் திட்டம் அது. 2023 ஆகஸ்ட் முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளிலும் காலை உணவும் கிடைக்கிறது. விடிந்ததும் மில் வேலைக்கு ஓடுகிற தாய்க்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்பது பள்ளி வாசலில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

நர்சரி பிரைமரி, மெட்ரிக் பள்ளிகளைப் பற்றி ஒன்றைச் சொல்ல வேண்டும். 2010இல் ஒன்றாம் வகுப்பிலும் ஆறாம் வகுப்பிலும் தொடங்கிய சமச்சீர்க் கல்வி, அதற்கடுத்த ஆண்டே மற்ற வகுப்புகளுக்கும் வந்துவிட்டது. பலகையில் மெட்ரிக் என்று எழுதியிருந்தாலும் பாடத்திட்டம் தெருமுனை அரசுப் பள்ளியில் உள்ளதுதான். கட்டணமும் கட்டடமும் சீருடையும்தான் வேறு. ஆங்கில வழிப் பிரிவு இப்போது அரசுப் பள்ளிகள் பலவற்றிலும் இருக்கிறது. தனியார் பள்ளியில்தான் சேர்க்க வேண்டும், ஆனால் வசதியில்லை என்றால், 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி சிறுபான்மையினர் நடத்தாத தனியார் பள்ளிகளில் நுழைவு நிலை வகுப்பின் 25 விழுக்காடு இடங்கள் நலிந்த, பின்தங்கிய பிரிவினருக்கு உண்டு. அறிவிப்பு வரும் நாளைக் கவனித்து விண்ணப்பியுங்கள்.

மாண்டிசோரி முறை உண்மையில் நல்லது. அதைத் தந்த மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுத்தவர். ஆனால் அந்தப் பெயரை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளலாம். மூன்று வயதும் ஐந்து வயதும் ஒரே அறையில் சேர்ந்திருக்கிறார்களா, பொருள்கள் பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் இருக்கின்றனவா, பிள்ளை தானே எடுத்த வேலையில் மூழ்கியிருக்கும்போது மணியடித்துக் கலைக்காமல் விடுகிறார்களா என்று பாருங்கள். இந்த மூன்றும் இல்லையென்றால் அது வழக்கமான எல்.கே.ஜி.தான். சர்வதேசப் பாடத்திட்டப் பள்ளிகள் வெளிநாட்டுக்கும் உள்நாட்டுக்குமாக மாறிக்கொண்டே இருக்கும் சில குடும்பங்களுக்கு மட்டும் பயன்படும்.

எல்.கே.ஜி.யில் நீட் கணக்கு

இப்போது நான் அதிகம் கவலைப்படும் வழிக்கு வருகிறேன். "சி.பி.எஸ்.இ.ல போட்டாத்தாங்க பின்னாடி நீட்டுக்கு ஆகும்" என்று படித்தவர், படிக்காதவர் எல்லாருமே சொல்கிறார்கள். 2017இல் தமிழ்நாட்டில் மருத்துவச் சேர்க்கை நீட் வழியாக மட்டுமே என்று ஆன பிறகு, சிறு நகரங்களில்கூட சி.பி.எஸ்.இ. பலகைகள் பெருகிவிட்டன. கூடவே ஃபவுண்டேஷன், ஒலிம்பியாட், டெக்னோ என்ற ஒட்டுப் பெயர்கள். நகையை அடகு வைத்து, மூன்று வயதுப் பிள்ளையை இருபது கிலோமீட்டர் வேனில் அனுப்புகிற குடும்பங்கள் எனக்குத் தெரியும்.

இந்தக் கணக்கு தப்பு என்பதற்கு ஒரே ஓர் உதாரணம் போதும். 2003 ஜூனில் எல்.கே.ஜி.யில் சேர்ந்த பிள்ளையை எடுத்துக்கொள்ளுங்கள். அப்போது மருத்துவத்துக்கு மாநில அரசின் நுழைவுத் தேர்வு இருந்தது. பிள்ளை இரண்டாம் வகுப்பு படிக்கும்போது, 2006 டிசம்பரில் சட்டமன்றம் அந்தத் தேர்வை நீக்கியது. பிளஸ் டூ மதிப்பெண்ணே போதும் என்றானது. அதே பிள்ளை 2017இல் பிளஸ் டூ முடித்து வெளியே வந்தபோது எதிரே நின்றது நீட். ஒரே பிள்ளையின் பள்ளிக் காலத்துக்குள் விதி இரண்டு முறை தலைகீழானது. இன்று சேர்கிற பிள்ளைக்குப் பதினான்கு ஆண்டு கழித்து என்ன தேர்வு இருக்கும் என்று எந்தத் தாளாளராலும் சொல்ல முடியாது.

இன்றைய நீட்டையே எடுத்துக்கொண்டாலும், அதன் கேள்விகள் பதினொன்று, பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியல், வேதியியல், உயிரியலிலிருந்து வருகின்றன. சி.பி.எஸ்.இ. வாரியம் பொதுத் தேர்வு நடத்துவது பத்திலும் பன்னிரண்டிலும். எல்.கே.ஜி. அறையில் எந்தப் புத்தகம், எவ்வளவு எழுத்து வேலை என்பதைப் பெரும்பாலும் அந்தந்தப் பள்ளி நிர்வாகமும் அது வாங்கும் தனியார் பதிப்பகப் புத்தகமும்தான் தீர்மானிக்கின்றன. பாடத்திட்டத்தை மாற்ற விரும்பினால் ஆறாம் வகுப்பில் மாற்றலாம், ஒன்பதில் மாற்றலாம், பதினொன்றில்கூட மாற்றலாம். மருத்துவக் கனவுதான் காரணம் என்றால் இன்னொன்றையும் கணக்கில் சேருங்கள். 2020இல் தமிழ்நாடு கொண்டுவந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு, ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு உரியது.

இந்த அவசரத்தில் பிள்ளை இழப்பது நிறைய. மத்திய அரசு 2022 அக்டோபரில் வெளியிட்ட அடிப்படை நிலைக்கான தேசியக் கலைத்திட்டச் சட்டகம், மூன்று முதல் எட்டு வயது வரை விளையாட்டு வழியாகத்தான் கற்க வேண்டும் என்கிறது. ஒன்று, இரண்டாம் வகுப்புகளுக்கு வீட்டுப்பாடம் கூடாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2018இலேயே சொல்லிவிட்டது. ஆனால் நான் பார்த்த யு.கே.ஜி. பிள்ளைகள் ராத்திரி எட்டரை மணிக்குத் தூங்கி வழிந்துகொண்டு கர்சிவ் எழுதுகிறார்கள். ஆங்கிலம், தமிழ், இந்தி என்று மூன்று எழுத்து முறைகள் ஒரே நேரத்தில் தலையில் ஏறுகின்றன. வீட்டில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. அதனால் டியூஷன். ஐந்து வயதில் டியூஷன்!

அப்படிப் படித்துவிட்டு என் வகுப்புக்கு வந்த பிள்ளைகள், கரும்பலகையைப் பார்த்து அச்சடித்ததுபோல் எழுதுவார்கள். எழுதியதைப் படிக்கச் சொன்னால் விழிப்பார்கள். கையெழுத்துப் பழகிய அளவுக்கு வாசிப்புப் பழகியிருக்காது. 'படம்' என்று எழுதி நீட்டினால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு, ஏற்கெனவே மனப்பாடமான ஏதோ ஒரு சொல்லைச் சொல்வார்கள். தப்பாகிவிடுமோ என்ற பயத்தில் பல பிள்ளைகள் வாயே திறப்பதில்லை. அந்தப் பயத்தைப் போக்கிப் பேச வைப்பதற்கே ஒரு பருவம் போய்விடும்.

அடிக்கடி ஊர் மாறும் வங்கி, ரயில்வே, ராணுவக் குடும்பங்களுக்கு சி.பி.எஸ்.இ. சரியான தேர்வு. அவர்களுக்கென்றே கேந்திரிய வித்யாலயாக்கள் இருக்கின்றன. மற்றவர்கள் எட்டாம் வகுப்புக்குப் பிறகு பிள்ளையின் விருப்பத்தைக் கேட்டு யோசித்தால் போதும்.

பள்ளி வாசலில் கேட்க வேண்டியவை

தாளாளர் அறையில் உட்கார்ந்து முடிவெடுக்காதீர்கள். உங்கள் பிள்ளைக்கு எந்த டீச்சர் வரப் போகிறார் என்று கேட்டு, அவரோடு பத்து நிமிடம் பேசுங்கள். பேசும்போது நடுவில் ஒரு பிள்ளை வந்து அவர் சேலையை இழுக்கும். அப்போது அவர் முகம் எப்படி மாறுகிறது என்று கவனியுங்கள். எத்தனை ஆண்டாக அதே பள்ளியில் இருக்கிறார் என்றும் கேளுங்கள். ஆண்டுதோறும் ஆசிரியர்கள் மாறுகிற பள்ளியில் சம்பளமோ நிர்வாகமோ சரியில்லை என்று அர்த்தம்.

கல்வி உரிமைச் சட்டம் தொடக்க வகுப்புகளுக்கு முப்பது பிள்ளைகளுக்கு ஓர் ஆசிரியர் என்கிறது. எல்.கே.ஜி.க்கு அதிலும் குறைவாக இருப்பது நல்லது. ஆயாம்மா ஒருவர் கட்டாயம் வேண்டும். கழிவறையை நீங்களே போய்ப் பாருங்கள். தண்ணீர் வருகிறதா, பிள்ளையின் உயரத்துக்குக் குழாய் இருக்கிறதா, கதவை உள்ளேயிருந்து தானாகத் திறக்க முடிகிறதா? கழிவறைக்குப் பயந்து நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் இருக்கிற பிள்ளைகள் எல்லா ஊரிலும் உண்டு.

அங்கீகார ஆணை, கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புத் துறைச் சான்று, சுகாதாரச் சான்று ஆகியவற்றைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டாம். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் கூரைக்குப் பிடித்த தீயில் 94 பிள்ளைகளை இழந்தோம். ஒரே கட்டடத்தில் பல நூறு பிள்ளைகள், குறுகலான படிக்கட்டு, ஓலைக் கூரை. அதற்குப் பிறகு வந்த விதிகள் பெற்றோர் கேட்கும்போதுதான் உயிரோடு இருக்கும். வேனில் அனுப்புவதாக இருந்தால் உதவியாளர் இருக்கிறாரா, எத்தனை பேரை ஏற்றுகிறார்கள் என்று ஒரு நாள் காலையில் போய் நின்று பாருங்கள்.

கட்டணத்தை அரசின் நிர்ணயக் குழு எவ்வளவு என்று வரையறுத்திருக்கிறது என்று கேளுங்கள். அதற்கு மேல் டொனேஷன் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். நன்கொடையையும், சேர்க்கைக்காகப் பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டுவதையும் கல்வி உரிமைச் சட்டத்தின் 13ஆம் பிரிவு தடுக்கிறது. மூன்று வயதுப் பிள்ளையிடம் நேர்காணல் நடத்தி, அது பேசவில்லை என்று திருப்பி அனுப்புகிற பள்ளிக்குக் குழந்தையைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

இவ்வளவும் பார்த்த பிறகு, இரண்டு பள்ளிகள் சமமாகத் தோன்றினால் பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். அம்மாவோ பாட்டியோ கைப்பிடித்து நடத்திக் கூட்டிப் போகிற தூரத்தில் உள்ள சின்னப் பள்ளிக்கு ஈடு எதுவும் கிடையாது. காலையில் ஒரு மணி நேரம் கூடுதலாகத் தூங்கலாம்; மாலையில் தெருவில் விளையாடலாம்; கூடப் படிக்கிற பிள்ளையின் வீடு இரண்டு சந்து தள்ளி இருக்கும். பயிற்றுமொழியாக, குறைந்தது மூன்றாம் வகுப்பு வரையாவது, தமிழ் இருக்கட்டும். தமிழில் எழுத்தைக் கற்றுவிட்டால் கண்ணில் படுகிற எந்தச் சொல்லையும் எழுத்துக்கூட்டிப் படித்துவிடலாம். பஸ்ஸின் பலகையைத் தானாகப் படித்த நாளில் பிள்ளையின் முகத்தில் வருகிற பெருமையைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாசிப்பு என்றால் என்னவென்று ஒரு மொழியில் பிடிபட்ட பிள்ளைக்கு ஆங்கிலம் அடுத்தடுத்த வகுப்புகளில் வரும். என்னிடம் தமிழ் வழியில் படித்துவிட்டு இன்று ஆங்கிலத்தில் வேலை பார்க்கிறவர்கள் எத்தனையோ பேர்.

அவசரம் வேண்டாம்

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு போக்கு உண்டு. சேர்ந்ததிலிருந்து தீபாவளி விடுமுறை வரை ஒரு வார்த்தை பேசாத பையன் ஒருவன் என் வகுப்பில் இருந்தான். எல்லாரும் வாய்ப்பாடு சொல்லும்போது அவன் புளியங்கொட்டைகளைப் பத்துப் பத்தாக அடுக்கிக்கொண்டிருப்பான். நான் கட்டாயப்படுத்தவில்லை. அரையாண்டு நெருங்கும்போது ஒரு நாள் எழுந்து, பக்கத்தில் இருந்தவள் போட்ட கணக்கு தப்பு என்று சொன்னான். ஏன் தப்பு என்றும் கொட்டைகளை வைத்துக் காட்டினான். மதிப்பெண் அட்டையோடு மாதாமாதம் பெற்றோரைக் கூப்பிடுகிற பள்ளியில் அவனுக்கு 'மந்தம்' என்று பெயர் விழுந்திருக்கும்.

பெற்றோரிடம் நான் கேட்டுக்கொள்வது பொறுமை. பேசுகிற பிள்ளைக்குப் பேச இடம் கொடுக்கும் பள்ளி, ஓடுகிற பிள்ளைக்கு மைதானம் உள்ள பள்ளி, கூச்சப்படுகிற பிள்ளைக்குச் சின்ன வகுப்பு என்று உங்கள் பிள்ளையை வைத்துத் தேடுங்கள். பிறகு, ஜூனில் சேர்த்துவிட்டு ஜூலையில் ஏ, பி, சி, டி ஒப்பிக்கச் சொல்லாதீர்கள். அண்ணன் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். மாலையில் வந்ததும் என்ன எழுதினாய் என்று கேட்பதற்கு முன் யாரோடு விளையாடினாய் என்று கேளுங்கள். ஒரு முழு ஆண்டு காத்திருங்கள். அந்த ஆண்டு முடிவில் பிள்ளை பள்ளிக்குக் கிளம்பத் தயங்கவில்லை, வீட்டில் கேள்வி கேட்கிறது, டீச்சர் பெயரைச் சொல்லிக் கதை சொல்கிறது என்றால் நீங்கள் தேர்ந்தெடுத்த பள்ளி சரியான பள்ளி. யார் என்ன சொன்னாலும் மாற்றாதீர்கள்.